கிராம சபையில் மூன்று நிமிடம்: மைக் முன்னும் வாட்ஸ்அப்பிலும் காரியம் நடக்கப் பேசுவது எப்படி? – முழுமையான வழிகாட்டி

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தமிழ்நாட்டில் வழக்கமாகக் கிராம சபை கூடும் நாட்கள் இவை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் யாரும் அன்றைக்கு எழுந்து பேசலாம். ஏற்காட்டு மலையில் நாகலூர், வாழவந்தி, வெள்ளக்கடை பக்கமானாலும் சரி, அடிவாரத்தில் ஓமலூர், வாழப்பாடி பக்கமானாலும் சரி, அந்தக் கூட்டத்தில் பேச ஆசைப்படுபவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் பேசியதெல்லாம் தீர்மானப் பதிவேட்டில் ஏறிவிடுவதில்லை. ஏறாத பேச்சு, கூட்டம் கலைந்ததும் டீக்கடை வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிடும்.

ஆகவே இந்த வழிகாட்டிக்கு ஒரே அளவுகோல்தான்: நீங்கள் உட்காரும்போது ஊராட்சி செயலரின் பேனா உங்கள் கோரிக்கையை எழுதி முடித்திருக்க வேண்டும். கைதட்டு வந்தால் நல்லது, வராவிட்டாலும் நட்டமில்லை. 1944-ல் சேலத்தில் நடந்த நீதிக்கட்சி மாநாட்டில் எத்தனையோ பேர் பேசியிருப்பார்கள். கட்சியின் பெயரைத் திராவிடர் கழகம் என்று மாற்றியது ‘அண்ணாதுரை தீர்மானம்’ என்று இன்றும் சொல்லப்படும் அந்தத் தீர்மானம்தான். மாநாட்டுக்குப் பொருந்துவது ஊர்க் கூட்டத்துக்கும் பொருந்தும்.

இங்கே சொல்வதைக் கிராம சபையை வைத்தே சொல்கிறோம். மாநகராட்சியின் பகுதி சபை, பள்ளி மேலாண்மைக் குழு, மகளிர் குழுக் கூட்டம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் பொதுக்குழு எதுவானாலும் முறை இதுவே.

முதல் படி: கோரிக்கை ஒரே வாக்கியம்

“எங்க தெருவுல தண்ணிப் பிரச்சினை” என்பது கோரிக்கை ஆகாது, அது புலம்பல். அதைக் கேட்கும் அதிகாரி “பார்க்கிறோம்” என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம். கோரிக்கை என்றால் அதில் நான்கு விவரம் இருக்க வேண்டும்: எந்த இடம், எத்தனை வீடு, என்ன வேலை, யார் செய்ய வேண்டியது. இந்த நான்கில் ஒன்று விடுபட்டாலும் கோரிக்கை நழுவும். இடம் இல்லையென்றால் “எந்தத் தெருன்னு பாத்துச் சொல்றோம்” என்பார்கள். செய்ய வேண்டியவர் யார் என்று தெரியாவிட்டால் “இது எங்க டிபார்ட்மென்ட் இல்லீங்க” என்று முடியும்.

மலைச் சரிவில் இருக்கும் ஊர்களில் அடிக்கடி வரும் ஒரு சிக்கலை எடுத்துக்கொள்வோம். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாய் ஓரிடத்தில் பிரிந்து, ஒரு கிளை கீழத் தெருவுக்கும் ஒரு கிளை மேலத் தெருவுக்கும் போகிறது. பத்து மீட்டர் உயரம் ஏறினால் குழாயில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தம் குறைந்துவிடும். கீழே குழாய்கள் திறந்திருக்கும்வரை மேலே தண்ணீர் ஏறாது. இதற்கான கோரிக்கையை இரண்டு விதமாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

வாயால் சொல்வதற்கு: “மேலத் தெரு 32 வீட்டுக்கும் தண்ணி வர, மேலத் தெருவுக்கும் கீழத் தெருவுக்கும் பைப்பு பிரியற இடத்துல ஊராட்சி ஒரு வால்வு வெக்கணுங்க.”

செயலரிடம் துண்டுத் தாளில் கொடுப்பதற்கு: “மேலத் தெருவிலுள்ள 32 வீடுகளுக்கும் தினசரி குடிநீர் கிடைக்கும் பொருட்டு, பிரதானக் குழாய் பிரியும் இடத்தில் ஊராட்சியின் மூலம் வால்வு அமைக்கத் தீர்மானிக்கப்படுகிறது.”

இந்த இரண்டாவது வாக்கியம்தான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான பொருள். செயலர் ஒரே நேரத்தில் வருகைப் பதிவேடு, வரவு செலவு வாசிப்பு, பற்றாளரின் (கூட்டத்தைப் பார்வையிட வரும் அலுவலர்) கேள்வி என்று பலதையும் கவனித்துக்கொண்டிருப்பார். பேச்சு நடையில் நீங்கள் சொன்னதை அலுவலக நடைக்கு மாற்ற அவருக்கு நேரம் கிடைக்காது. நீங்களே மாற்றிக் கொடுத்துவிட்டால் அவர் பார்த்து எழுதினால் போதும். அவரே மாற்றும்படி விட்டால் “குடிநீர்ப் பிரச்சினை குறித்து விவாதிக்கப்பட்டது” என்று ஒரு வரி ஏறும். அந்த வரியை வைத்துக்கொண்டு பிற்பாடு யாரிடமும் எதையும் கேட்க முடியாது.

ஒரு கூட்டத்துக்கு ஒரே கோரிக்கை. தெருவிளக்கு, சாக்கடை, பஸ் என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால், அதிகாரி அதில் எளிதானதற்குப் பதில் சொல்லி மற்ற இரண்டையும் விட்டுவிடுவார். மூன்றும் வேண்டுமென்றால் மூன்று பேர் எழுந்து பேசட்டும்.

இரண்டாம் படி: பதினான்கு நாள் குறிப்பு

“தண்ணியே வர்றதில்ல” என்று சொன்னதும் “நேத்து வந்துச்சே” என்று ஒரு குரல் எழும். அந்த இடத்தில் உங்கள் பேச்சு சாய்ந்துவிடும். கூட்டத்துக்கு மூன்று வாரம் முன்பே ஒரு நோட்டை எடுத்து, பதினான்கு நாள் தொடர்ந்து குறியுங்கள்: தேதி, தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம், வீட்டுக்கு எத்தனை குடம். உங்கள் வீடு மட்டும் போதாது. தெருவின் முனை, நடு, கடைசி என்று மூன்று வீட்டிலாவது எழுதச் சொல்லுங்கள். குடத்தை ஒருமுறை லிட்டர் அளவையால் அளந்துவிடுங்கள். பெரும்பாலும் 12 முதல் 15 லிட்டருக்குள் இருக்கும். தெரியாமல் சொன்னால் கணக்கு அங்கேயே உடையும்.

இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வைக்க ஓர் அரசு அளவு வேண்டும். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஊரகப் பகுதியில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வைத்திருக்கிறது. ஐந்து பேர் வீட்டுக்கு 275 லிட்டர், 15 லிட்டர் குடத்தில் பதினெட்டுக்கும் கொஞ்சம் மேல். கிடைப்பது நாலு குடம் என்று சொன்னதும் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

கோரிக்கைக்கு அவசியமான சில எண்களுக்கு மேல் பேச்சில் வேண்டாம். காதால் கேட்பவர்களுக்கு எண்கள் கூடக்கூட முதல் எண் மறந்துபோகும். மீதி எண்கள் நோட்டில் இருக்கட்டும், கேட்டால் எடுத்துக் காட்டலாம்.

மூன்றாம் படி: முதல் நாளே பேசிவிடுவது

வால்வு வரப்போகிறது என்றதும் கீழத் தெருவுக்கு ஒரு பயம் வரும்: நமக்கு வருவது குறையுமோ? அந்தப் பயம் கூட்டத்தில் எதிர்ப்பாக வெடித்தால் தலைவர் எந்தப் பக்கமும் சாயாமல் அடுத்த பொருளுக்குப் போய்விடுவார். அதனால் முந்தின வாரமே கீழத் தெருவில் இரண்டு, மூன்று வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள். போனில் சொல்வதைவிடத் திண்ணையில் உட்கார்ந்து சொல்வது நல்லது. “காலையில ஒரு மணி நேரம் உங்களுக்கு, ஒரு மணி நேரம் எங்களுக்கு, முறை என்னன்னு சேர்ந்தே வெச்சுக்கலாங்கண்ணா” என்று நேரத்தோடு சொன்னால் பயம் தணியும். மலையூர்களில் ஊர்ப் பெரியவரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். கூட்டத்தில்தான் முதல் தடவையாகக் கேள்விப்பட்டார் என்றால், விஷயம் சரியாகவே இருந்தாலும் அவரால் சட்டென்று ஆதரித்துப் பேச முடியாது.

இன்னொன்று, ஆள் எண்ணிக்கை. கிராம சபைக்குக் குறைவெண் (கூட்டம் செல்லுபடியாக வந்தே தீர வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்) உண்டு. மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். ஆள் சேரவில்லை என்றால் உங்கள் தயாரிப்பு வீண். நவம்பர் 1-ம் ஜனவரி 26-ம் சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் வருகின்றன. எஸ்டேட்டுக்குப் போகிறவர்களிடம் ஒரு வாரம் முன்பே சொன்னால்தான் வருவார்கள். மே 1 அன்று அடிவார ஊர்களில் வெயில் பத்து மணிக்கே தாங்காது. எல்லாரும் மர நிழலுக்கு ஒதுங்கிவிடுவதால் மேசைக்கு முன்னால் காலியாக இருக்கும். நீங்கள் நிழல் பக்கம் திரும்பி நின்று பேசுங்கள்.

நான்காம் படி: பேச்சை எழுதுவது

எழுத்துத் தமிழில் எழுதி அதையே படித்தால், உங்களுடன் தினமும் பேசுகிறவர்களுக்கே நீங்கள் வேற்றாளாகிவிடுவீர்கள். முழுக்க முழுக்க வாயில் வருகிறபடியே எழுதுங்கள். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு நூறு சொல் போகும். மூன்று நிமிடத்துக்கு முந்நூறு சொல்தான். அதிலும் முப்பது நொடியைக் குறுக்கீட்டுக்கு விட்டுவிட வேண்டும். ஆக இருநூற்றைம்பது சொல்லுக்குள் முடியுங்கள்.

மேடை வழக்கத்தில் நமக்கு ஒட்டிக்கொண்ட ஒரு பழக்கம், வந்திருக்கும் ஒவ்வொருவரையும் பட்டத்தோடு விளித்து வணங்குவது. ஐந்து பேரை அப்படி விளித்தால் ஒரு நிமிடம் போய்விடும். ஒரே வரியில் எல்லாருக்கும் சேர்த்து வணக்கம் சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. தலைவரை விளிப்பதா, தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலரை விளிப்பதா என்பதை மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

சேலத்துப் பேச்சில் ஒரு மாதிரி:

“தலைவரய்யாவுக்கும் ஆபீசருங்களுக்கும் வந்திருக்கிற எல்லாத்துக்கும் வணக்கமுங்க. நான் மேலத் தெருங்க. ஒரே ஒரு கோரிக்கைதானுங்க. மேலத் தெருவுக்கும் கீழத் தெருவுக்கும் பைப்பு பிரியற இடத்துல ஊராட்சி ஒரு வால்வு வெக்கணும்.

மேலத் தெருவுல 32 வீடு இருக்குது. போன மாசம் பதினாலு நாளு விடாம எழுதி வெச்சிருக்கோமுங்க. அதுல ஒம்பது நாளு எங்களுக்குச் சொட்டுத் தண்ணி ஏறல. வந்த அஞ்சு நாளும் வீட்டுக்கு நாலு கொடந்தான். ஆளுக்கு 55 லிட்டருன்னு அரசாங்கமே சொல்லுது. அஞ்சு பேரு இருக்கிற வீட்டுக்குப் பதினெட்டு கொடம் வேணுமுங்க.

இதுல யாரு மேலயும் தப்பு இல்லீங்க. தண்ணி பள்ளத்தப் பாத்துதான் ஓடும். கீழ தொறந்திருக்கிற வரைக்கும் மேல ஏறாது. வால்வு இருந்தா ஒரு மணி நேரம் அங்க, ஒரு மணி நேரம் இங்கன்னு முறை வெச்சு விடலாம். கீழத் தெரு அண்ணனுங்ககிட்டயும் பேசிட்டுத்தான் வந்திருக்கோம்.

வால்வுக்கும் ஆள் கூலிக்கும் எவ்வளவு ஆவும்னு விசாரிச்சு எழுதிக் கொண்டாந்திருக்கேன். தீர்மானத்துக்கு வாசகமும் இந்தத் தாள்ல இருக்குதுங்க. இதை எழுதி, ஒருக்காப் படிச்சுக் காட்டணும்னு கேட்டுக்கறேனுங்க.”

இதில் கோரிக்கை தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தால், இடையில் மைக் கைமாறினாலோ மழை பிடித்தாலோ சொல்லாமலே போய்விடும். “யாரு மேலயும் தப்பு இல்லீங்க” என்ற வரியை ஒப்புக்குச் சேர்க்கவில்லை. “தண்ணி விடறவரு சரியில்ல” என்று ஆரம்பித்தீர்கள் என்றால், டேங்க் ஆபரேட்டர் அந்த ஊரில் யாருக்கோ மாமன், யாருக்கோ மச்சான். கூட்டம் அவரைக் காப்பாற்றுவதில் இறங்கிவிடும், வால்வு மறந்துபோகும். தப்பு உண்மையிலேயே அவருடையது என்றால் அதை எழுத்தில் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுங்கள்.

ஐந்தாம் படி: பழக்கம்

எழுதியதை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு சொல் மறந்தால் எல்லாமே நின்றுவிடும். முதல் வரி, கோரிக்கை, கடைசி வரி இந்த மூன்றை மட்டும் தலைகீழாகச் சொல்லும் அளவுக்குப் பழகுங்கள். இடையில் உள்ளதற்கு உள்ளங்கை அகலத் தாளில் ஐந்தாறு சொல் குறித்தால் போதும்: 32 வீடு, 14-க்கு 9, 4 குடம், 55 லிட்டர், முறை, தாள்.

போனில் பதிவு செய்து கேளுங்கள். முதல் தடவை சொந்தக் குரல் பிடிக்காமல்தான் இருக்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். கேட்கும்போது இரண்டே விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, “வந்து”, “அதாவது”, “என்னன்னா” போன்ற இட்டுநிரப்பல்கள் எங்கே விழுகின்றன? பெரும்பாலும் அடுத்த வரி நினைவுக்கு வராத இடத்தில்தான் விழும். அந்த இடத்துக்கு ஒரு குறிப்புச் சொல்லைத் தாளில் ஏற்றுங்கள். இரண்டு, வாக்கியக் கடைசி தேய்கிறதா? தமிழில் வினை கடைசியில்தான் வரும். “வால்வு வெக்கணும்” என்பதில் “வெக்கணும்” காதில் விழாவிட்டால் வைக்க வேண்டுமா, வைத்தாயிற்றா, வைக்கவே கூடாதா என்று தெரியாது. மூச்சு தீர்வதால்தான் கடைசிச் சொல் தேய்கிறது. வாக்கியத்தைச் சுருக்கினால் சரியாகிவிடும்.

பிறகு இந்த விவகாரம் தெரியாத ஒருவரைப் பத்தடி தள்ளி நிறுத்திப் பேசிக் காட்டி, “நான் என்ன கேட்டேன்?” என்று மட்டும் கேளுங்கள். அவர் வால்வு என்று சொன்னால் தயார். “தண்ணி வரலன்னு சொன்னீங்க” என்றால் பேச்சை மறுபடி வெட்டித் திருத்துங்கள்.

ஆறாம் படி: மைக்

நல்ல பேச்சு கெடுவது பெரும்பாலும் இங்கேதான். சவுண்டு சர்வீஸ்காரர் கொண்டுவரும் கையில் பிடிக்கும் மைக், எதிரில் நேராக வரும் சத்தத்தையே நன்றாக வாங்கும்; பின்பக்கத்துச் சத்தத்தைத் தள்ளிவிடும். வாய்க்கும் வலைக்கும் இடையே இரண்டு விரல் முதல் மூன்று விரல் தூரம் வையுங்கள். தூரம் இரட்டிப்பானால் மைக்கில் விழும் ஒலி பாதியாகிவிடும். உணர்ச்சியோடு கையை ஆட்டும்போது மைக் வாயை விட்டு நகர்ந்து, நடுவில் பாதி வாக்கியம் காணாமல் போவது இதனால்தான். மைக் பிடித்த கையின் முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, மற்றக் கையால் மட்டும் சைகை செய்யுங்கள்.

மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் மோவாய்க்குக் கொஞ்சம் கீழே, சாய்வாகப் பிடியுங்கள். “பைப்பு”, “பஞ்சாயத்து”, “பள்ளிக்கூடம்”, “பஸ்” எல்லாமே உதட்டைத் திறந்து காற்றை வெளியே தள்ளும் சொற்கள். நேராகப் பிடித்தால் அந்தக் காற்று வலையில் மோதி ‘புஸ், டும்’ என்று கேட்கும்.

வலை உருண்டையைக் கையால் பொத்திப் பிடிக்கக் கூடாது. பாட்டுக் கச்சேரிகளில் பார்த்துவிட்டுப் பலர் அப்படிப் பிடிக்கிறார்கள். பின்பக்கச் சத்தத்தைத் தள்ளுவதற்கான துளைகள் அங்கேதான் இருக்கின்றன. அவற்றை மூடினால் மைக் எல்லாப் பக்கமும் வாங்கத் தொடங்கி, ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தத்தையும் திரும்ப வாங்கி ‘கீச்’ என்று கத்தும். கீச் வந்தால் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் திருப்பாதீர்கள். ஸ்பீக்கருக்குப் பின்னால் வரும்படி ஓரடி நகருங்கள், போதும். மைக்கைத் தட்டிப் பார்ப்பதும் ஊதிப் பார்ப்பதும் வேண்டாம். ஊதினால் உள்ளே இருக்கும் மெல்லிய தகட்டுக்கு ஈரமும் அடியும் சேரும். வேலை செய்கிறதா என்று பார்க்க வணக்கத்தைச் சொன்னாலே தெரிந்துவிடும். தண்டில் இருக்கும் சுவிட்சை, பேச எழுந்திருக்கும்போதே ஒரு பார்வை பாருங்கள்.

மலை ஊர்களுக்கு மட்டும் உள்ள இரண்டு சிரமங்கள். முதலாவது எதிரொலி. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். எதிர்ச் சரிவு 170 மீட்டரில் இருந்தால் உங்கள் சொல் ஒரு நொடி கழித்து உங்களிடமே திரும்பி வரும். அதோடு போட்டி போட்டு வேகமாகப் பேசினால் ஒன்றும் புரியாது. ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் அது திரும்பி வந்து அடங்கும்வரை நிறுத்துங்கள். இரண்டாவது தகரக் கூரை. ஆகஸ்ட், அக்டோபர், நவம்பர் கூட்டங்களில் மழை பிடித்தால் தகரத்தின் சத்தத்துக்கு முன்னால் மைக் செட்டும் தோற்கும். கத்திப் பயனில்லை. துண்டுத் தாளைச் செயலரிடம் கொடுத்துவிட்டு, மழை விடும்வரை பொறுத்திருக்கலாமா என்று தலைவரைக் கேளுங்கள்.

பதற்றத்துக்கு ஒரே ஒரு வழி சொல்கிறோம்: எழுந்ததும் மூச்சை இழுக்காமல், முதலில் முழுதாக வெளியே விடுங்கள். பதற்றத்தில் மூச்சு ஏற்கெனவே நெஞ்சில் அடைத்துக்கொண்டிருக்கும். அதன் மேல் இன்னும் இழுத்தால் குரல் கீச்சென்று ஏறும். வெளியே விட்டால் அடுத்த மூச்சு தானாக வயிற்றுக்குப் போகும், குரலும் இறங்கி நிற்கும்.

ஏழாம் படி: குறுக்கே வருபவர்களும் அதிகாரியின் பதிலும்

குறுக்கே பேசுபவரை முறை சொல்லி அழையுங்கள். “அண்ணா, ஒரு நிமிசத்துல முடிச்சுக்கறேனுங்க, அப்புறம் நீங்க சொல்லுங்க.” இதை மைக்கில் சொல்லாமல் மைக்கைத் தாழ்த்திச் சொன்னால் அவருக்கு அவமானமாக இருக்காது. மைக்கில் சொன்னால் ஊரே கேட்கப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு வந்துவிடும்.

அதிகாரிகளிடமிருந்து பெரும்பாலும் மூன்று பதில்கள்தான் வரும். “நிதி இல்லை” என்றால், “சரிங்க, நிதி வந்ததும் செய்யறதா இன்னிக்கே தீர்மானத்துல ஏத்திடுங்க” என்று கேளுங்கள். “மேலே அனுப்பியிருக்கோம்” என்றால், எந்தத் தேதி, எந்த அலுவலகம் என்று கேட்டு அங்கேயே குறியுங்கள். “இது ஊராட்சி வேலை இல்லை” என்றால், அது உண்மையாகவும் இருக்கலாம். பஸ் என்றால் அரசுப் போக்குவரத்துக் கழகம், காட்டு வழிப் பாதை என்றால் வனத்துறை. அப்போதும் “சம்பந்தப்பட்ட துறைக்குக் கிராம சபை பரிந்துரைக்கிறது” என்று தீர்மானம் போட முடியும்.

பேசி முடித்ததும் மகளிர் குழுவிலிருந்து ஒருவர் எழுந்து ஒரே ஒரு வரி சேர்க்கும்படி முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். “அந்த ஒம்பது நாளும் பொழுது விடியறதுக்கு முன்ன ஊத்துக்குப் போயித்தான் கொண்டாந்தோமுங்க” என்பது போல. ஒருவர் சொன்னது தனிமனிதர் குறையாகக் கேட்கும். அதையே இரண்டாவது குரலும் சொன்னால் தெருவின் குறையாகிவிடும்.

எட்டாம் படி: வாட்ஸ்அப் குழு

கூட்டத்துக்கு முன்னும் பின்னும் பேச்சு நடப்பது இங்கேதான், சண்டை மூள்வதும் பெரும்பாலும் இங்கேதான். நேரில் முகமும் குரலும் தாங்கிப் பிடிக்கும் சொல், திரையில் தனியாக வந்து விழுகிறது. சேலத்துப் பேச்சில் வாக்கியத்துக்கு வாக்கியம் “ங்க” வரும். தட்டச்சு செய்யும்போது சோம்பலில் அது விழுந்துவிடும். “நாளைக்கு வாங்க” என்பது “நாளைக்கு வா” ஆனதும், வயதில் மூத்தவர் ஒருவர் குழுவை விட்டு வெளியேறிவிடுவார். காரணமும் சொல்ல மாட்டார். ஆகவே குறுஞ்செய்தியிலும் “ங்க”வை விடாதீர்கள்.

செய்தியின் முதல் வரியிலேயே விஷயம் இருக்க வேண்டும். போன் திரையில் அறிவிப்பாகத் தெரிவது அந்த ஒரு வரிதான். “அனைவருக்கும் காலை வணக்கம், ஒரு முக்கியமான செய்தி” என்று தொடங்கினால் திறக்காமலே தள்ளிவிடுவார்கள். இப்படி எழுதலாம்:

“அக்டோபர் 2, காலை 11 மணி: கிராம சபை, ஊராட்சி அலுவலகம் முன்பு. மேலத் தெரு வால்வு கோரிக்கை வைக்கிறோமுங்க. வீட்டுக்கு ஒருத்தராவது வரணும். தண்ணி நோட்டு வெச்சிருக்கிற மூணு வீட்டுக்காரங்களும் நோட்டோட வாங்க.”

இதையே ஐந்து துண்டாக அனுப்பினால் ஐந்து தடவை போன் அலறும். நடுவில் யாரோ ஒரு பூப்படம் போடுவார், தொடர்ச்சி அறுந்துவிடும்.

குரல் பதிவு அனுப்புவது நமக்கு எளிது, கேட்பவருக்குக் கடினம். வேலை செய்யும் இடத்தில் கேட்க முடியாது, பிறகு தேடி எடுக்கவும் முடியாது. எழுதியதை முதலில் போட்டுவிட்டு, படிக்கத் தெரியாத பெரியவர்களுக்காக அதே விஷயத்தை அரை நிமிடக் குரலில் சேர்த்து அனுப்புங்கள். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவதும் பெரியவர்களை விலக்கிவிடும். தட்டச்சு தெரியாவிட்டால் விசைப்பலகையின் மைக் பொத்தானை அழுத்திச் சொன்னால் தமிழிலேயே விழும். அனுப்புவதற்கு முன் ல, ள, ழ மாறியிருக்கிறதா என்றும், எண்களும் பெயர்களும் சரிதானா என்றும் ஒருமுறை படியுங்கள். அனுப்பிய பிறகு தப்பு தெரிந்தால் 15 நிமிடத்துக்குள் திருத்த முடியும்.

இடம் சொல்லும்போது துல்லியம் வேண்டும். “ஏற்காடு ரோட்டுல மண் சரிஞ்சிருக்கு” என்ற செய்தியால் பீதிதான் பரவும். சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் எண் இருக்கிறது. “12-க்கும் 13-க்கும் நடுவுல, காலை 7.40-க்கு எடுத்த படம், ஒரு பக்கம் வண்டி போகுது” என்று எழுதினால் படிப்பவர் என்ன செய்வதென்று முடிவெடுக்கலாம். படத்தில் குழந்தைகளின் முகமோ, ஆதார் அட்டையோ, வண்டி எண்ணோ தெரிந்தால் வெட்டிவிட்டுப் போடுங்கள். ‘பலமுறை பகிரப்பட்டது’ என்ற குறியோடு வந்த எதையும் நேரில் பார்த்தவர் ஒருவரிடம் கேட்காமல் மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டாம்.

கட்டை விரல் குறி ஒரு சிக்கல். பார்த்தேன் என்றா, சம்மதம் என்றா, வருகிறேன் என்றா? முப்பது விரலை நம்பிப் போனால் பத்துப் பேர் வந்து நிற்பார்கள். வருகிறவர்களை அறிய வாக்கெடுப்பு வசதியைப் பயன்படுத்துங்கள். “வர்றேன், வர முடியாது, வீட்டுல வேற ஆளு வருவாங்க” என்று மூன்று விடை போதும்.

யாராவது சுடச்சுட எழுதினால் அதே சூட்டில் குழுவில் பதில் எழுதாதீர்கள். எழுதியே ஆக வேண்டும் என்று கை பரபரத்தால், குறிப்பு எழுதும் செயலியில் எழுதி வையுங்கள். பதில் பெட்டியில் எழுதினால் விரல் தவறி அனுப்பப்பட்டுவிடும். பிறகு அவருக்குத் தனியாகப் போன் செய்யுங்கள். விஷயம் தீர்ந்ததும் என்ன முடிவானது என்று ஒரு வரி குழுவில் போடுங்கள். அதைப் போடாவிட்டால் படித்த மற்றவர்கள் மனதில் சண்டை அப்படியே இருக்கும்.

ஒன்பதாம் படி: காணொளிக் கூட்டம்

இதற்குக் கொஞ்சம்தான் சொல்ல வேண்டும். மலையில் சிக்னல் வளைவுக்கு வளைவு மாறும். முந்தின நாளே அதே நேரத்தில் அதே இடத்தில் நின்று சோதியுங்கள். சிக்னல் குறைந்தால் முதலில் உங்கள் படத்தை அணைத்துவிடுங்கள், குரல் தப்பிக்கும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் கருத்துத் தெரியும், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்புங்கள். கம்பி வைத்த இயர்போன் எதிரொலியைத் தடுக்கும். இலவச ஜூம் கூட்டம் 40 நிமிடத்தில் துண்டிக்கும், ஆகவே முடிவெடுக்க வேண்டியதை முதலில் வையுங்கள். பேசி முடித்ததும் “என் பேச்சு அவ்வளவுதானுங்க” என்று சொல்லிவிடுங்கள். திரையில் மௌனம் வந்தால் முடித்துவிட்டீர்களா, இணைப்பு போய்விட்டதா என்று எதிர்ப்பக்கத்தில் தெரியாது.

பத்தாம் படி: தீர்மானத்தைப் பின்தொடர்வது

கூட்டம் கலைவதற்கு முன் தீர்மான எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது, மேலே எழுதியிருப்பதைப் படித்த பிறகே போடுங்கள். அன்று மாலையே குழுவில் தீர்மான எண், தேதி, வாசகம் இவற்றோடு ஒரு செய்தி போடுங்கள்.

அடுத்த முப்பது நாளில் எதுவும் நடக்கவில்லை என்றால், தீர்மான எண்ணைக் குறிப்பிட்டு வட்டார வளர்ச்சி அலுவலருக்கு இரண்டு பிரதியில் மனு எழுதி, ஒரு பிரதியில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். திங்கட்கிழமைகளில் சேலம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். தீர்மான நகலே கிடைக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, “இன்ன தேதியில் நடந்த கிராம சபையின் இன்ன எண் தீர்மானத்தின் நகலும், அதன் மேல் எடுக்கப்பட்ட நடவடிக்கையின் விவரமும்” என்று கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஏன் செய்யவில்லை என்று அந்த மனுவில் கேட்காதீர்கள். அலுவலகத்தில் காகிதமாக இருப்பதைத்தான் அந்தச் சட்டத்தில் கேட்டு வாங்க முடியும். ‘ஏன்’ என்ற கேள்வியைத் தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள்.

அந்த ‘ஏன்’ அடுத்த கிராம சபைக்கு உரியது. அக்டோபரில் போட்ட தீர்மானம் என்றால் நவம்பர் 1 அன்றே எழுந்து, எண்ணைச் சொல்லி, “இது எந்த நெலமையில இருக்குதுங்க?” என்று கேட்கலாம். அதற்கு ஒரு நிமிடம் போதும்.